படத்துக்குக் கீழே ஆண்டு எழுதும் முன்

எங்கள் வாசகர் வட்டம் சில வருடங்களுக்கு முன் ஒரு சின்னக் கண்காட்சி வைத்தது. அமெரிக்காவில் நிறப் பிரிவினைக்கு எதிராகக் கறுப்பின மக்கள் நடத்திய அறப்போராட்டங்கள் பற்றி இருபது படங்கள், ஏ3 அளவில், கீழே இரண்டு வரிக் குறிப்பு. குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேருந்தில் உட்கார்ந்திருக்க, பின் இருக்கையில் ஒரு வெள்ளைக்காரர் இருப்பாரே, அந்தப் படத்துக்குக் கீழே ‘1955 டிசம்பர் 1, மான்ட்கோமரி: இருக்கையை விட்டு எழ மறுத்த தருணம்’ என்று எழுதி ஒட்டிவிட்டேன். பார்க்க வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். “தம்பி, அன்னிக்கு அரெஸ்ட் ஆகப்போறோம்னு அந்த அம்மாவுக்கே தெரியாது. போட்டோக்காரருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

வாயைத் திறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினால், படம் எடுத்த நாள் 1956 டிசம்பர் 21. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 381 நாள் நடந்த பேருந்துப் புறக்கணிப்பு முடிந்து, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று ஆன முதல் நாள். பின்னால் இருப்பவர் யுனைடெட் பிரஸ் (பின்னாளில் யுபிஐ) செய்தி நிறுவனத்தின் நிருபர் நிக்கோலஸ் கிறிஸ், படத்துக்காகவே அங்கே உட்கார்ந்தவர். அதற்காக இதைப் பொய்ப் படம் என்று சொல்ல மாட்டேன். ஜெயித்த பிறகு பத்திரிகைக்காக எடுத்த படம், அவ்வளவுதான். பொய்யாக இருந்தது நான் எழுதிய குறிப்பு. அவர் கைரேகை கொடுக்கும் இன்னொரு படத்தையும் 1955 கைது என்றுதான் பாதிப் பேர் போடுகிறார்கள். அது 1956 பிப்ரவரி 22, புறக்கணிப்பை நடத்தியதற்காகப் பலர் மீது ஒன்றாக வழக்குப் போட்டபோது ஏபி செய்தி நிறுவனத்தின் ஜீன் ஹெரிக் எடுத்தது. அந்தக் கைதுகள் ஊரறிந்த விஷயம், அதனால் கேமராவும் அங்கே இருந்தது.

வாத்தியாரின் கேள்வியை அன்றிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கூடக் கண்காட்சி, சிறுபத்திரிகைக் கட்டுரை, யூடியூப் வீடியோ, எதற்காகவாவது இந்தப் படங்களை முதல்முறையாகத் தேட உட்காரும் ஒருவர் என்ன வரிசையில் வேலை செய்யலாம் என்று கீழே எழுதுகிறேன்.

முதல் வேலை: ஒரு நாளை, ஒரு இடத்தைப் பிடியுங்கள்

‘சிவில் உரிமைப் போராட்டம்’ என்று மொத்தமாகத் தேடினால் எங்கே பார்த்தாலும் வரும் அதே பத்துப் படங்கள்தான் வரும். கிரீன்ஸ்பரோ, 1960 பிப்ரவரி. நாஷ்வில், 1960. பர்மிங்ஹாம், 1963 மே. செல்மா, 1965 மார்ச். மெம்ஃபிஸ், 1968 மார்ச். இப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த நாட்களில் என்ன நடந்தது என்று அரை மணி நேரம் படித்துவிட்டு, அப்புறம் படத்துக்குப் போங்கள். தலைகீழாகச் செய்தால் படம் சொல்வதுதான் வரலாறு என்று ஆகிவிடும். நான் பட்டதே போதும்.

எங்கே தேடுவது

வாட்ஸ்அப்பில் வந்ததும் பின்டரஸ்டில் கிடைப்பதும் துப்பு மட்டும்தான். அதை கூகுள் லென்ஸில் போட்டு, மூலம் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது அமெரிக்காவின் தேசிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் படப் பிரிவு. அதில் யு.எஸ். நியூஸ் அண்ட் வேர்ல்ட் ரிப்போர்ட் பத்திரிகை கொடுத்த தொகுப்பு ஒரு பொக்கிஷம். வாரன் லெஃப்ளர், தாமஸ் ஓ'ஹாலரன், மரியன் ட்ரிகோஸ்கோ போன்ற அந்தப் பத்திரிகையின் சொந்தப் புகைப்படக்காரர்கள் எடுத்தவை. கறுப்பினத் தலைவர்களான மார்ட்டின் லூதர் கிங்கும் மால்கம் எக்ஸும் சந்தித்த ஒரே ஒரு முறை, 1964 மார்ச் 26 அன்று, ட்ரிகோஸ்கோ எடுத்த படம் அதில்தான் இருக்கிறது. அங்கே முழு அளவு டிஃப் கோப்பையே காசு இல்லாமல் இறக்கிக்கொள்ளலாம். தனிப் படங்கள் மட்டுமல்ல, சில வேலைகளுக்குக் காண்டாக்ட் ஷீட்டும் கிடைக்கும், அதாவது ஒரு ஃபிலிம் சுருளில் இருக்கும் எல்லாப் படங்களும் சின்னச் சின்னதாக ஒரே தாளில். புகழ்பெற்ற ஒரு படத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று காண்டாக்ட் ஷீட் காட்டுவது போல வேறு எதுவும் காட்டாது. கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்து அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம். 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியை அரசின் தகவல் நிறுவனத்துக்காக ரோலண்ட் ஷெர்மன் எடுத்த படங்கள் அங்கே இருக்கின்றன. அந்தப் படங்களில் பதாகைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், எழுத்துகள் ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கும். என்ன வாசகம் தூக்கலாம் என்பதை அமைப்பாளர்களே முடிவு செய்து அச்சடித்துக் கொடுத்தார்கள், பலவற்றின் மேல் வாகனத் தொழிலாளர் சங்கத்தின் பெயரே இருக்கும். ‘மக்கள் தன்னெழுச்சியாகத் திரண்டார்கள்’ என்று குறிப்பு எழுத ஆசைப்படுகிறவர்கள் அந்தப் பதாகைகளை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மாநிலக் காப்பகங்களை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, எனக்குப் பிடித்தவையே அவைதான். அலபாமா மாநிலக் காப்பகத்தில் உள்ளூர்ப் பத்திரிகைகள் கொடுத்த நெகட்டிவ்கள் குவிந்திருக்கின்றன. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பிரிஸ்கோ மையத்தில் இந்தப் போராட்டங்களைப் படமெடுத்த சார்லஸ் மூர், ஸ்பைடர் மார்ட்டின் ஆகியோரின் தொகுப்புகள் இருக்கின்றன. மிசிசிப்பியின் கதை தனி. பிரிவினையைக் காப்பதற்கென்றே 1956இல் அந்த மாநில அரசு ஒரு ஆணையம் வைத்து, போராடுகிறவர்களை வேவு பார்த்தது. அதன் கோப்புகள் 1998இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தன, இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். 1961இல் விடுதலைப் பயணிகள், கறுப்பரும் வெள்ளையருமாக ஒரே பேருந்தில் வந்து ஜாக்சன் நிலையத்தில் இறங்கினார்களே, முந்நூறுக்கும் மேற்பட்ட அவர்களைப் போலீஸ் பிடித்து நிறுத்தி எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன. கழுத்தில் எண்ணும் தேதியும் போட்ட பலகை, நேர்முகம் ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று. குற்றவாளி என்று அடையாளம் வைக்க எடுத்தவை. நல்ல ஸ்டூடியோவில் எடுத்தது போல, வயசுப் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்கிறார்கள். போட்டோக்காரர் அங்கே எப்படி வந்தார் என்ற கேள்விக்கு இங்கே பதில் ரொம்பச் சுலபம்.

தேடும்போது பழைய சொற்களைப் போடுங்கள்

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. இன்று நாம் புழங்கும் சொல் அன்றைய படக்குறிப்பில் இருக்காது. 1950களில் ‘நீக்ரோ’, ‘கலர்ட்’ என்றுதான் எழுதினார்கள், அட்டவணையிலும் பல இடங்களில் அதுவே நிற்கிறது. நமக்குச் சொல்லக் கூசுகிற சொல்தான், தேடும் பெட்டியில் மட்டும் போட்டுத்தான் ஆக வேண்டும், நம் குறிப்பில் எழுத வேண்டாம். ‘சிட்-இன்’ (பரிமாற மறுக்கும் இடத்தில் எழாமல் உட்கார்ந்து போராடுவது) என்று போட்டுக் கிடைக்காவிட்டால் ‘லஞ்ச் கவுன்டர்’, ‘டெமான்ஸ்ட்ரேஷன்’, ‘பிக்கெட்’, ‘இன்டெக்ரேஷன்’ என்று மாற்றிப் போடுங்கள். இடப் பெயரும் அப்படித்தான். கிங் 1959இல் இந்தியா வந்து நம் கன்னியாகுமரி வரை போனார், ஆங்கிலத்தில் தேடுகிறவர் கன்னியாகுமரி என்று போட்டால் ஒன்றும் கிடைக்காது, அன்றைய தாள்களில் அது ‘கேப் கொமோரின்’.

பதிவை முழுக்கப் படியுங்கள், படத்தை அப்புறம் பாருங்கள்

லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் தலைப்பு சதுர அடைப்புக்குள் இருந்தால் அதை நூலக ஊழியர்கள் பின்னால் வைத்தார்கள் என்று பொருள், எடுத்தவர் எழுதியது அல்ல. தேதிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால் அவர்களுக்கே சந்தேகம் என்று பொருள், அந்தக் கேள்விக்குறியை நாமாக அழித்துவிடக் கூடாது. செய்தி நிறுவனப் படம் என்றால், பிரிண்டின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பல நேரம் முன்பக்கத்தைவிட பின்பக்கம்தான் அதிகம் பேசும். தட்டச்சு செய்து ஒட்டிய குறிப்புச் சீட்டு, நிறுவனத்தின் ரப்பர் முத்திரை, எந்த நாள் பத்திரிகையில் வந்தது என்ற தேதி முத்திரை, சில சமயம் வெட்டி ஒட்டிய செய்தித் துண்டே இருக்கும். முத்திரையில் இருப்பது அச்சான தேதி, எடுத்த தேதி அதற்கு முந்தைய நாளாகவோ முந்தைய வருடமாகவோ இருக்கலாம், குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்பக்கத்தில் கிரீஸ் பென்சிலால் கோடு போட்டு, இதுவரை வெட்டு என்று குறித்திருப்பார்கள், முகத்தின் ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் தடவியிருப்பார்கள். பத்திரிகை அச்சில் ஆள் பின்னணியோடு கலந்துவிடாமல் இருக்க அப்படிச் செய்வார்கள். அதைப் பார்த்துவிட்டு ‘போலிப் படம்’ என்று கிளம்பிவிட வேண்டாம்.

மூன்று படங்களில் பயிற்சி

கிரீன்ஸ்பரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 பிப்ரவரி 1 அன்று எசல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசஃப் மெக்நீல் ஆகிய நான்கு மாணவர்கள் வூல்வொர்த் கடையில், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் கவுன்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கிடைக்கவில்லை, கடை மூடும்வரை எழவும் இல்லை. நான்கு பேர் கவுன்டரில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கும் படம் ஒன்று இருக்கிறதல்லவா, அதுதான் அந்த நால்வர் என்று பாடப்புத்தக வலைத்தளங்கள் வரை போடுகின்றன. அது மறுநாள் எடுத்தது. மெக்நீலும் மெக்கெய்னும் இருக்கிறார்கள், மற்ற இருவர் பில்லி ஸ்மித், கிளாரன்ஸ் ஹெண்டர்சன். முதல் நாள் நால்வரும் சேர்ந்திருக்கும் படம், அவர்கள் கடையை விட்டு வெளியே வந்து தெருவில் நடக்கும்போது எடுத்தது. இரண்டையும் எடுத்தவர் உள்ளூர்ப் பத்திரிகையின் ஜாக் மோப்ஸ். அவர் எப்படி வந்தார்? ஊரில் துணிக்கடை வைத்திருந்த ரால்ஃப் ஜான்ஸ் என்பவர் மாணவர்களுக்கு வேண்டியவர், அவர்தான் பத்திரிகைக்குத் தகவல் சொல்லி அனுப்பினார். ஆள் வந்து சேர்வதற்குள் கடை மூடும் நேரம். கேள்விக்குப் பதில் கிடைத்ததும் தேதிக் குழப்பமும் தானே தீர்ந்துவிடுகிறது பாருங்கள். மறுநாள் படத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள்: கவுன்டருக்கு அந்தப் பக்கம் வெள்ளை உடையில் நிற்கும் ஊழியரும் கறுப்பினத்தவர். அந்தக் கவுன்டருக்குப் பின்னால் நின்று பாத்திரம் எடுக்கலாம், முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிக்கக் கூடாது. எவ்வளவு எழுதினாலும் புரிய வைக்க முடியாததை அந்த மூலை சொல்லிவிடுகிறது. குறுக்காக வெட்டி நான்கு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அது போய்விடும்.

கிரீன்ஸ்பரோ என்று தப்பாகச் சுற்றும் மற்றொரு படம், மூன்று பேர் கவுன்டரில் உட்கார்ந்திருக்க, தலையிலும் முதுகிலும் சர்க்கரை, கெட்சப், கடுகு என்று கொட்டியிருக்கும், பின்னால் இளவட்டக் கூட்டம் நெருக்கிக்கொண்டு நிற்கும். அதுவும் வூல்வொர்த் கடைதான், ஆனால் மிசிசிப்பியின் ஜாக்சன், 1963 மே 28. ஜான் சால்டர், ஜோன் ட்ரம்பவர், ஆன் மூடி. எடுத்தவர் ஃப்ரெட் பிளாக்வெல். கடைப் பெயர் ஒன்று என்பதால் மூன்று வருடமும் ஒரு மாநிலமும் காணாமல் போய்விட்டன.

மூன்றாவது படம் இவை இரண்டையும்விடச் சிக்கலானது. 1963 மே 3, பர்மிங்ஹாம். போலீஸ்காரர் ஒருவர் ஒரு கறுப்பினப் பையனின் சட்டையைப் பிடித்திருக்க, நாய் அவன் வயிற்றை நோக்கிப் பாய்கிறது. ஏபியின் பில் ஹட்சன் எடுத்தது, மறுநாள் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்து உலகத்தையே உலுக்கியது. அமைதியாக ஊர்வலம் போன மாணவன் என்று எழுதத் தோன்றும், நானும் எழுதியிருப்பேன். வால்டர் காட்ஸ்டன் என்ற அந்தப் பள்ளி மாணவன் ஊர்வலத்தில் வந்தவனே இல்லை, வேடிக்கை பார்க்க நின்றவன். ‘அறவழியில் அடி வாங்கினான்’ என்று நாம் வாசிக்கும் உடம்பை இன்னொருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்: முழங்காலை நாய்க்கு எதிராக உயர்த்தியிருக்கிறான், ஒரு கை போலீஸ்காரரின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. இதனால் அன்று ஏவிய நாய்கள் பொய்யாகிவிடாது. ஆனால் ‘போராட்டக்காரர்’ என்ற ஒரு சொல்லைக் குறிப்பிலிருந்து எடுத்துத்தான் ஆக வேண்டும்.

படமே இல்லாத இடத்தையும் கவனியுங்கள்

ஒரு ஊரில் போராட்டம் நடந்தது தெரிகிறது, உள்ளூர்ப் பத்திரிகையில் படம் இல்லை. படம் எடுக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பர்மிங்ஹாம் நியூஸ் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவர் 2004இல் ஒரு சாமான் அறையில் பெட்டி ஒன்றைப் பார்த்தார். ‘வைத்திரு, விற்காதே’ என்று மேலே எழுதியிருந்தது, உள்ளே சிவில் உரிமைக் காலத்துப் படங்களின் நெகட்டிவ்கள் ஆயிரக்கணக்கில். எடுத்தவர்கள் அதே பத்திரிகையின் ஆட்கள், அச்சில் போகாமல் நின்றவை பல. 2006 பிப்ரவரியில்தான் பத்திரிகை அவற்றை வெளியிட்டது. கென்டக்கியின் லெக்சிங்டன் ஹெரால்ட்-லீடர் அதே 2004இல், சிவில் உரிமை இயக்கத்தைப் பற்றி எழுதாமல் விட்டதற்கு வருந்துகிறோம் என்று பிழைதிருத்தமே போட்டது. நாற்பது வருடம் கழித்து!

இன்னொரு வகையில் பார்த்தாலும் இடைவெளி தெரியும். செய்திப் படம் என்பது அடியும் தடியும் விழும் நேரத்தைத்தான் தேடி ஓடும். கூட்டம் போட்டுப் பேசியது, துண்டறிக்கை அடித்தது, உட்காரும்போது மேலே துப்பினால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்தது, மாதாகோயில் பின்கட்டில் தூங்கியது, இதெல்லாம் வேண்டுமென்றால் இயக்கத்துக்குள்ளேயே இருந்து எடுத்தவர்களைத் தேட வேண்டும். மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவுக்கு, சுருக்கமாக ‘ஸ்னிக்’ என்பார்கள், டேனி லையன் 1962 முதல் படம் எடுத்தார். இலினாய் மாநிலத்துக் கேரோ ஊரில், கறுப்பினப் பிள்ளைகளை விடாத நீச்சல் குளத்துக்கு வெளியே ஜான் லூயிஸ் மண்டியிட்டு வேண்டும் அவரது படம் அந்தக் குழுவின் சுவரொட்டியாகவே ஆனது. மரியா வரேலா, டோரிஸ் டெர்பி பெயர்களையும் போட்டுத் தேடுங்கள். என்னைக் கேட்டால், பத்துப் படக் கண்காட்சியில் போலீஸ் நாயை ஏவும், தண்ணீர்க்குழாயைப் பீய்ச்சும் படங்கள் இரண்டு போதும், மிச்சம் எட்டும் இந்த மாதிரி ‘ஒன்றும் நடக்காத’ படங்களாக இருக்கட்டும்.

உள்ளே இருந்தவர் என்றால் அப்படியே நம்பலாமா என்றால், அதுவும் இல்லை. மெம்ஃபிஸில் துப்புரவுத் தொழிலாளர்கள் ‘நான் ஒரு மனிதன்’ என்ற பதாகைகளோடு வரிசையாக நிற்கும் 1968 மார்ச் 28 படத்தை எடுத்த எர்னஸ்ட் விதர்ஸ், இயக்கத்தவர் வீடு வரை போய்வந்தவர். அவர் எஃப்பிஐக்கும் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது அவர் இறந்த பிறகு, 2010இல் வெளியானது. படம் படம்தான், அதை நான் எடுத்துவிட மாட்டேன்.

உரிமை

காப்பகத் தளத்தில் படம் இருக்கிறது என்பதற்காக இலவசம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க மத்திய அரசு ஊழியர் வேலையின் பகுதியாக எடுத்ததற்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. யு.எஸ். நியூஸ் தொகுப்புக்கு ‘வெளியிடத் தெரிந்த தடை ஏதும் இல்லை’ என்று பதிவிலேயே போட்டிருப்பார்கள். ஏபி படங்களுக்கும் மேக்னம் என்ற புகைப்படக்காரர் கூட்டுறவு அமைப்பின் படங்களுக்கும் அனுமதியும் காசும் வேண்டும். பழைய யுபிஐ படங்கள் பெட்மேன் தொகுப்பில் போய்ச் சேர்ந்தன, இன்று கெட்டி இமேஜஸ் என்ற பட விற்பனை நிறுவனம் வழியாக வாங்க வேண்டும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் ஒரு படம் பெரிதாகாமல் தபால்தலை அளவிலேயே நின்றால் உங்கள் இணையத்தில் கோளாறு இல்லை, உரிமைச் சிக்கல் உள்ள படங்களை நூலகக் கட்டடத்துக்கு வெளியே அப்படித்தான் காட்டுவார்கள். வகுப்பில் பாடம் நடத்தக் காட்டுவது ஒன்று, புத்தக அட்டையில் போடுவது வேறொன்று. அட்டைக்கு என்றால் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இறக்கிய பிறகு

கோப்புக்கு ‘கிங்2 ஃபைனல்’ என்று பெயர் வைக்காதீர்கள். காப்பகத்தின் பதிவு எண்ணையே பெயராக வையுங்கள். ஒரு எக்செல் தாளில் எடுத்தவர், நாள், இடம், யாருக்காக எடுத்தார், எங்கிருந்து இறக்கினேன், எப்போது இறக்கினேன் என்று ஆறு கட்டம் போதும். ஏ3 பிரிண்ட் நன்றாக வர நீளப் பக்கம் சுமார் 5000 பிக்சல் இருந்தால் நிம்மதி, 2500க்குக் கீழே போனால் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குப் பல்லிளிக்கும்.

கலர் ஆக்காதீர்கள். இப்போது ஒரு பட்டனைத் தட்டினால் ஏஐ நிறம் பூசிவிடும், ஆன் மூடியின் உடை என்ன நிறம் என்று அதற்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. கலர் வேண்டுமென்றால் கலரிலேயே எடுத்தவை இருக்கின்றன, கார்டன் பார்க்ஸ் 1956இல் லைஃப் பத்திரிகைக்காக அலபாமாவில் எடுத்தவற்றைப் பாருங்கள்.

எடுத்தவர் பெயரைப் போடும்போதும் கவனம். 1957 செப்டம்பர் 4 அன்று அதுவரை வெள்ளையர் மட்டும் படித்த லிட்டில் ராக் பள்ளிக்குத் தனியாக நடந்துபோன கறுப்பின மாணவி எலிசபெத் எக்ஃபோர்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பெண் கத்திக்கொண்டு வரும் காட்சியை வில் கவுண்ட்ஸும் எடுத்தார், ஜானி ஜென்கின்ஸும் எடுத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும், பெயர்கள் மாறிப் போவது அதனால்தான். உங்கள் கையில் இருப்பது எது என்று பதிவு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாகக் குறிப்பு எழுதுங்கள்: நாள், இடம், பெயர்கள், எடுத்தவர், எந்தச் சூழலில் எடுத்தார், காப்பகம், எண். வாத்தியார் போன பிறகு நான் மாற்றி ஒட்டியது இது: ‘ரோசா பார்க்ஸ், மான்ட்கோமரி நகரப் பேருந்தில், 1956 டிசம்பர் 21. பேருந்துகளில் பிரிவினை முடிந்த முதல் நாள், செய்தியாளர்களுக்காக எடுத்த படம். பின் இருக்கையில் யுனைடெட் பிரஸ் நிருபர் நிக்கோலஸ் கிறிஸ்.’ பழையதைவிட நீளம், எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் அவர் மறுபடி வந்து அதைப் படித்துவிட்டு, பக்கத்தில் இருந்த செல்மா படத்துக்கு நகர்ந்து, மறுபடியும் கண்ணாடியைத் தூக்கினார்.